முதலில் சூடு, பிறகு வெளிச்சம், அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு: ஹட்டனில் ஓர் ஆமை வைத்தியம்

பட்டாணி என்ற ஆமை கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஒரு வயது தாண்டியிருந்தது. ஓட்டின் நீளம் 6 சென்டிமீற்றர், நிறை 41 கிராம். அந்த வயதுக்கு இது குஞ்சு அளவுதான். சிவப்புக் காது ஆமை இனம். மீன் தொட்டிக் கடைகளில் பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு நீந்துமே, அதேதான்.

முதுகை விரலால் லேசாகத் தொட்டாலே அமுங்கியது. ஓட்டின் ஓரம் மேல்நோக்கி வளைந்திருந்தது. கீழ்த்தாடை நுனி கோணி, வாய் சரியாக மூடவில்லை. பின்னங்கால் இரண்டும் உடம்பைத் தூக்க மறுத்தன. வயிறு தரையில் உரசத்தான் நகர்ந்தது. சும்மா படுத்திருக்கும்போதும் முன்னங்கால் விரல்கள் துடித்தன. குஞ்சு ஆமைகளுக்கு ஓட்டின் ஓரம் கொஞ்சம் வளைந்துகொடுப்பது வழக்கம்தான். ஒரு வயது ஆமைக்கு நடு முதுகு அமுங்கினால் அது நோய்.

அதுவரை பட்டாணி இருந்த என் தங்கச்சி வீடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடி. அங்கே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம், அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், சாப்பாட்டுக்குச் சோற்றுப் பருக்கை, கூனி, சில நாள் கோழி இறைச்சித் துண்டு. வெயில் என்றால் கண்ணாடி ஜன்னல் வழியாக வருவது மட்டும். வாங்கிய கடையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். கொழும்புச் சூட்டில் ஏதோ தாக்குப்பிடித்திருக்கிறது. மலைநாட்டில் எங்கள் ஊரான ஹட்டனின் ஜூன் மாத மழைக்குள் வந்து இறங்கியதும் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டது.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், செய்த வேலைக்கெல்லாம் காரணம் அதில்தான் இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் இரத்தத்தில் கல்சியம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது. சாப்பாட்டிலிருந்து அது வராவிட்டால் கழுத்துப் பக்கம் இருக்கும் பராதைரொயிட் சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்கு விடுகிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் நகையை அடகு வைத்து அரிசி வாங்குகிற கதை. ஆமைக்கு ஓடும் எலும்புதான். முள்ளந்தண்டும் விலா எலும்பும் விரிந்து ஒட்டியதுதான் முதுகு ஓடு. ஆகவே கால், தாடை, ஓடு எல்லாமே சேர்ந்து இளகிப் போகும். எடுக்க இனி ஒன்றும் இல்லை என்ற கட்டத்தில் இரத்தத்திலும் கல்சியம் குறைந்து துடிப்பு, வலிப்பு வரும். பட்டாணியின் விரல் துடித்தது அதனால்தான். பச்சோந்தி, ஓணான், ஆமை என்று வளர்க்கும் ஊர்வனவற்றுக்கெல்லாம் பொதுவாக வருகிற நோய் இது. மருத்துவப் பெயர் பெரிது, பலபேர் எலும்பு இளகல் என்றே சொல்கிறார்கள்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: கல்சியம் கொடு. எங்கள் அம்மா ஒரு படி மேலே போய் வெற்றிலைத் தட்டையே எடுத்துவிட்டார். "சுண்ணாம்பு கொறைச்சல்னா சுண்ணாம்பு குடுடா. தண்ணியில கொஞ்சம் கரைச்சு விடு. நாப்பது வருஷம் கொழுந்து பறிச்சவ நான், என் எலும்பு ஒடிஞ்சிச்சா?" அம்மாவோடு வெற்றிலை விஷயத்தில் வாதாடி யாரும் வென்றதில்லை. ஆனாலும் தட்டை வாங்கி மேலே வைத்துவிட்டேன். வெற்றிலைச் சுண்ணாம்பு கல்சியம் ஹைட்ரொக்சைட்டு. கடும் காரம், கண்ணையும் வாயையும் புண்ணாக்கும். தண்ணீரில் விட்டால் தொட்டி முழுக்கக் காரமாகிவிடும். நமக்கு வேண்டியது கல்சியம் காபனேற்று, அதாவது கணவாய் ஓடு, முட்டை ஓடு ரகம்.

அந்தக் கல்சியத்தைக் கொடுத்தாலும் ஹட்டனில் அது வயிற்றைத் தாண்டாது என்பதுதான் எனக்குப் பிடிபட்ட விஷயம். ஊர்வனவுக்குச் சொந்தச் சூடு கிடையாது. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். மழை மாதத்தில் இரவு 15 பாகை செல்சியஸ் பக்கம் இறங்கும். தொட்டித் தண்ணீரும் அதே குளிருக்கு வந்துவிடும். அந்தக் குளிரில் இந்த இனத்துக்குச் செரிமானம் ஓடாது, கொடுத்த சாப்பாடு வயிற்றிலேயே கெட்டுப்போகும். செரித்தாலும் குடலிலிருந்து கல்சியத்தை உள்ளே இழுக்க விட்டமின் டி3 வேண்டும். டி3 உண்டாக வெயிலின் கழியூதாக் கதிர் (யூவி) தோலில் பட வேண்டும். பட்டால் மட்டும் போதாது, தோலில் முதலில் உண்டாகும் பொருள் டி3 ஆக மாறுவதற்கே உடம்புச் சூடு தேவை. ஆகவே வரிசை தலைகீழ். முதலில் சூடு, பிறகு வெளிச்சம், அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு, அதாவது கல்சியம்.

நான் வீட்டு வயரிங் வேலை செய்பவன். முதல் இரண்டும் என் தொழில் பக்கம் என்பதால் கொஞ்சம் தைரியம் வந்தது.

பேராதனை

அதற்கு முன்னால் வைத்தியர். விரல் துடிக்கிற நிலையில் வீட்டு வைத்தியம் செய்து பார்ப்பது சரியில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில் ஆமையைத் தண்ணீரோடு கொண்டுபோகக் கூடாது, குலுக்கலில் மூழ்கித் தவிக்கும். ஈரத் துவாயில் சுற்றி, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று. கினிகத்தேனை இறங்கி நாவலப்பிட்டி தாண்டியதும் ஊரே வெதுவெதுப்பாகிவிட்டது. போத்தலை எடுத்துவிட்டேன். கம்பளை வந்தபோது பட்டாணி துவாய்க்குள்ளிருந்து தலையை நீட்டியது. ஊருக்கு வந்த பிறகு அது தானாகத் தலை நீட்டியதை அப்போதுதான் பார்க்கிறேன்.

எக்ஸ்ரே படத்தில் எலும்புக்கும் சதைக்கும் நிற வித்தியாசமே சரியாகத் தெரியவில்லை. வலது பின்னங்காலில் பழைய முறிவு ஒன்று, வளைந்தபடியே ஒட்டியிருந்தது. டொக்டர் துடிப்புக்காகக் கல்சியம் ஊசி போட்டார், வாய்வழி கொடுக்கக் கல்சியம் சிரப் எழுதினார், அளவைத் துளிக் கணக்கில் சொன்னார். அந்த அளவை இங்கே எழுதப் போவதில்லை. 41 கிராம் உயிருக்கு எழுதிய மருந்து உங்கள் ஆமைக்குப் பொருந்தாது. டி3 ஊசி, சொட்டு மருந்து எதையும் மருந்துக் கடையில் வாங்கி நாமாகக் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். டி3 கொழுப்பில் சேர்ந்து தங்கும் விட்டமின். கூடினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் சுண்ணாம்பு படிந்துவிடும். வெயிலில் உண்டாகும் டி3க்கு அந்த ஆபத்து இல்லை, தேவைக்கு மேல் தோல் உண்டாக்காது.

இன்னொரு எச்சரிக்கை: வாயைப் பலவந்தமாகத் திறக்க வேண்டாம், இளகிய தாடை ஒடிந்துவிடும். சிரப்பை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து உதட்டோரம் ஒரு துளி வைத்தால் அதுவே நக்கிக்கொள்ளும். தூக்கும்போதும் முதுகை மேலிருந்து பிடிக்காமல், வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து ஏந்த வேண்டும். என் மகளுக்கு இதைச் சொன்னதும் அவள் பள்ளிக்கூடத் தோழிகள் யாரையும் கிட்ட விடவில்லை. அந்தக் காவல் கடைசிவரை நன்றாக வேலை செய்தது.

பெட்டி

கண்ணாடித் தொட்டி வேண்டாம் என்று முடிவு செய்தேன். கண்ணாடி வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். டவுனில் மீன் விற்பவரிடம் 60 சென்டிமீற்றர் நீள ரெஜிபோம் மீன் பெட்டி ஒன்று வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்தேன். மீன் வாசம் முழுதாகப் போகவில்லை, ஆமைக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. ரெஜிபோமுக்குள் நேராகத் தண்ணீர் விடக்கூடாது. ஆமை அதைக் கடித்து விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே சரியாக இறங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வெளியே ரெஜிபோம்.

தண்ணீரின் ஆழம் முதலில் 6 சென்டிமீற்றர்தான், ஓட்டின் நீளம் அளவுக்கு. கால் ஓயும்போது நின்று கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, அதன் மேல் சாய்வாக ஒரு கூரை ஓடு வைத்தேன். பட்டாணியால் ஏற முடியவில்லை. வழுக்காமல் இருக்க அந்தக் கூரை ஓட்டின் மேல் பழைய சாக்குத் துண்டைக் கட்டி, சாய்வைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் தவழ்ந்து ஏறியது. அடியில் கல், மணல் எதுவும் போடவில்லை. கல்சியம் குறைந்த ஆமை கூழாங்கல்லையும் விழுங்கும்.

சூடாக்க மீன் தொட்டிக்கு வைக்கும் 50 வொட் ஹீட்டர், தெர்மோஸ்டாட் உள்ளது. படுக்கையாக வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். இவ்வளவு ஆழமற்ற தண்ணீரில் நிறுத்தி வைத்தால் பாதி வெளியே நிற்கும், கண்ணாடி வெடிக்கும். ஆமை இடித்து உடைக்காமலும் சுட்டுக்கொள்ளாமலும் இருக்க, துளை துளையாகப் போட்ட பிவிசி குழாய்க்குள் ஹீட்டரைச் செருகினேன். ரெஜிபோம் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டிப் பார்த்தபோது ஹீட்டர் இரவு முழுக்க அணையவே இல்லை, தண்ணீரும் 22 பாகையைத் தாண்டவில்லை. மீன் பெட்டிக்குள் இறக்கி, மூடியையும் பாதிக்கு வைத்ததும் 27 பாகைக்கு வந்து அணைந்து அணைந்து எரிந்தது. கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட்ட வீட்டுக்காரிக்குக் கணக்குச் சொன்னேன்: 50 வொட் நாள் முழுக்க எரிந்தாலும் 1.2 யூனிட்தான்; இப்போது பாதி நேரம் எரியவில்லை.

கரைப் பக்கத்துக்கு மேலே ஒரு 40 வொட் மஞ்சள் பல்ப். எல்லா இடமும் எல்ஈடி வந்த பிறகு இந்தப் பழைய பல்ப் கிடைப்பது கடினம். கோழிக் குஞ்சு வளர்ப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் இருந்தது. பிளாஸ்டிக் ஹோல்டர் போடக்கூடாது, பீங்கான் ஹோல்டர். பல்ப் சூட்டில் ரெஜிபோம் உருகி எரியும் என்பதால் அந்தப் பக்கத்து மூடியை வெட்டி எடுத்துவிட்டு, தகரத் துண்டு ஒன்றை மறைப்பாக வைத்து, பல்பை மரச் சட்டத்தில் தொங்கவிட்டேன். உயரத்தைக் கூட்டிக் குறைத்து ஆமை உட்காரும் இடத்தில் 32 பாகை வரும்படி நிறுத்தினேன். அளக்கக் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வெப்பமானியை நம்ப வேண்டாம், அது சுவரின் சூட்டைத்தான் காட்டும். வயர் முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும்.

தொழில்காரன் என்ற முறையில் இரண்டு விஷயம். வீட்டில் மின் கசிந்தால் கரண்டை வெட்டிவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் தண்ணீரில் ஹீட்டர் போடவே வேண்டாம். தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்து வீடுகள் பலவற்றில் அது இல்லை, நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது, வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போக வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது.

மழை மாதத்தில் கரண்ட் போவது சாதாரணம். அப்போது மூடியை முழுக்க மூடி, காற்றுக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு, அம்மாவின் பழைய கம்பளியைப் பெட்டி மேல் போர்த்துவோம். கொழுந்து எடுக்கும்போது முதுகில் போட்ட கம்பளி அது. நீண்ட நேரம் வராவிட்டால் சுடுதண்ணீர்ப் போத்தலை உள்ளே மிதக்கவிடுவோம்.

தண்ணீர் சூடான பிறகுதான் சாப்பாடு வைத்தேன். அதற்கு முதல் இரண்டு வேளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வெறுமனே குளிக்க விட்டதில் வயிறு கழிந்தது. நாற்றம் தாங்கவில்லை. கொழும்புக் கோழி இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

வெளிச்சம்

இங்கேதான் கடைக்காரர்கள் அதிகம் குழப்புகிறார்கள். "யூவி பல்ப்" என்று கேட்டால் மூன்று வேறு சாமான் வரும். டி3 உண்டாக்குவது யூவிபி, சுமார் 290 முதல் 315 நனோமீற்றர் வரை. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா லைட் யூவிஏ, அதனால் பயன் இல்லை. மீன் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்ய விற்கும் யூவி லைட் 254 நனோமீற்றர் யூவிசி. கிருமியைக் கொல்வதற்கென்றே செய்தது. அதை ஆமைக்கு மேல் எரியவிட்டால் கண் போய்விடும், பார்க்கிற நம் கண்ணும் போகும். ஊர்வனவுக்கென்று எழுதிய யூவிபி நீள டியூப் வேண்டும். நான் கொழும்பில் வேலைக்குப் போகும் ஒரு தம்பியிடம் சொல்லி வாங்கினேன். இந்த முழு வேலையிலும் அதிகச் செலவு வைத்தது இந்த டியூப்தான். அதில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஆமையின் முதுகிலிருந்து 30 சென்டிமீற்றர் உயரத்தில் மாட்டினேன். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வரக்கூடாது, இரண்டுமே யூவிபியை மறித்துவிடும். வெள்ளவத்தை ஜன்னல் வெயில் பட்டாணிக்கு உதவாமல் போனதும் இதனால்தான். கொசு வலைகூட ஒரு பங்கைத் தின்றுவிடும். மஞ்சள் பல்பும் டியூபும் ஒரே இடத்தில் விழ வேண்டும், சூடும் கதிரும் ஒன்றாகப் படுவதற்கு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை டைமர்.

டியூப் இருந்தாலும் உண்மையான வெயிலுக்கு ஈடு இல்லை. ஹட்டன் தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும் பக்கத்தில் இருக்கிறது. மே கடைசியில் தொடங்கினால் செப்டெம்பர் வரை எப்போது முகில் விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே ஜூன், ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே இருக்கிற மச்சான் போன் எடுத்து, "ஆமையை இங்க அனுப்பிவிடு, நான் வத்தலோட சேத்துக் காயப்போடுறேன்" என்றான்.

ஆனால் மலைக்கு ஒரு நன்மையும் உண்டு. ஆயிரம் மீற்றர் ஏறினால் கழியூதாக் கதிரின் பலம் பத்து வீதம், பன்னிரண்டு வீதம் கூடும். வெயில் வந்தால் அது கொழும்பு வெயிலைவிடக் கடுமை. எப்போது யூவிபி போதுமான அளவு இருக்கிறது என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை. முற்றத்தில் நின்று பாருங்கள், நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் இருக்கிறது. எங்கள் பக்கம் காலை ஒன்பது, ஒன்பதரை தாண்டியதும் அப்படி வரும். அதிகாலை இளம் வெயில் உடம்பைச் சூடாக்கும், டி3க்கு அவ்வளவாக உதவாது.

முகில் விலகியதும் ஓடுவது மகளின் பொறுப்பு. ஒரு பேசின், அதில் விரல் அளவு தண்ணீர், பாதிக்கு நிழலாக ஒரு பலகை. நிழல் கட்டாயம், சூடு கூடினால் ஆமை தானாக நிழலுக்குப் போக வேண்டும், போக இடம் இல்லாவிட்டால் வெந்துவிடும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பது அதைவிட மோசம். மேலே கோழிக்கூட்டு வலை, ஏனென்றால் எங்கள் முற்றத்துக் காகங்கள் சோற்றுக்கு மட்டும் வருபவை அல்ல. அரை மணி நேர வெயில் கிடைத்தால் அன்று வீட்டில் கொண்டாட்டம்தான்.

சுண்ணாம்பு

இறைச்சி ஏன் கெடுதல் என்றால், அதில் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் 15 மடங்குக்கு மேல். உணவில் பொஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கல்சியம் குறைந்தது இரண்டு பங்கு இருக்க வேண்டும். மிஞ்சிய பொஸ்பரஸ் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக விடாது. கூனியில் ஓட்டோடு கொஞ்சம் கல்சியம் உண்டுதான், ஆனால் நாம் சமைக்க வாங்குவதில் உப்பும் உண்டு. கருவாடும் அப்படித்தான்.

எங்கள் தண்ணீரிலும் உதவி இல்லை. மலைப் பீலித் தண்ணீர் கருங்கல்லில் ஊறி வருவது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டாத மென்மையான தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் என்றால் கதை வேறு.

கணவாய் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள், கூண்டுக் கிளிக்கும் அதைத்தான் தொங்கவிடுவார்கள். வெள்ளைப் பக்கத்தைக் கத்தியால் சுரண்டினால் மாவாக உதிரும். முதலில் மீன் துண்டில் தடவிக் கொடுத்தேன். தண்ணீரில் போட்டதும் மாவு கழன்று பால் நிறமானது, பட்டாணி வெறும் மீனைத் தின்றது. அதனால் வழியை மாற்றினேன்.

பக்கத்து வீட்டு நானாவின் மனைவி நோன்பு மாதத்தில் கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சுவார். அந்தக் கடற்பாசிதான் தீர்வு. சிறிய பச்சை மீன், முள்ளும் தலையும் குடலும் சேர்த்து 100 கிராம். ஒரு பிடி முருங்கை இலை. துருவிய கரட் கொஞ்சம். எல்லாவற்றையும் அரைத்து, கணவாய் ஓட்டு மாவு தட்டையாக அரைத் தேக்கரண்டி கலந்தேன். கணக்கு இதுதான்: மீன் சதையில் 100 கிராமுக்குப் பொஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். இரண்டு மடங்கு என்றால் கல்சியம் 400 மில்லிகிராம் வேண்டும். கல்சியம் காபனேற்றில் 40 வீதம் கல்சியம், ஆகவே ஒரு கிராம் மாவு போதும். அரைத் தேக்கரண்டியில் அதைவிடச் சற்றுக் கூடவே வரும். முள்ளும் இருப்பதால் குறையாது. கடற்பாசியைத் தனியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் கலந்து, தட்டில் ஊற்றினால் கட்டியாகிவிடும். பயறளவு துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் உறைய வைத்தேன். தண்ணீரில் கரையாது, மாவு உதிராது. ஒரு வேளைக்கு ஆமையின் தலை அளவு போதும்.

சுண்ணாம்புத் தட்டைப் பறித்ததில் கோபமாக இருந்த அம்மா, அரைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். "இதுக்கு வெங்காயம் போட வேணாமா?" என்று மட்டும் கேட்டார். வெங்காயம், லீக்ஸ் இரண்டும் வேண்டாம். பசளிக் கீரையையும் ஒதுக்கினேன். அதிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைக் கட்டிப்போடும். மீன் வகையை அடிக்கடி மாற்றினோம். சில மீன்களில் விட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு, ஒரே மீனை மாதக் கணக்கில் கொடுப்பது நல்லதல்ல. இடையிடையே ஆமைத் தீனி உருண்டை. கரட் போடுவது விட்டமின் ஏ முன்பொருளுக்காக. அது குறைந்தால் ஆமைக்குக் கண் வீங்கும்.

தேறியது

முதலில் விரல் துடிப்பு நின்றது; அது ஊசியின் வேலை, அதில் ஏமாறக்கூடாது. உண்மையில் தேறுகிறது என்று எனக்குத் தோன்றியது, ஒரு காலையில் டைமர் போட்டு லைட் எரிந்ததும் பட்டாணி தானாகச் சாக்குத் துண்டில் ஏறி, பின்னங்காலை நீட்டி வெயில் காய்ந்தபோது. ஓடு அப்போதும் அமுங்கத்தான் செய்தது. ஆனால் சூட்டைத் தேடிப் போகிற ஆமைக்கு ஆயுசு உண்டு.

ஜூலை கடைசியில் ஓட்டிலிருந்து மெல்லிய தகடுகள் உரிந்து விழுந்தன. மகள் அழுதேவிட்டாள். பார்த்தால் கண்ணாடித் தாள் அளவு மெலிந்த மேல் படை மட்டும்தான், அடியில் புதுத் தகடு சுத்தமாக இருந்தது. வளர்கிற ஆமை இப்படித்தான் உரிக்கும். துர்நாற்றமோ பள்ளமோ, அடியில் சிவப்போ இருந்தால்தான் ஓட்டு அழுகல் என்று பயப்பட வேண்டும். அது வராமல் இருக்க, ஆமை தினமும் முழுதாகக் காய இடம் வேண்டும், தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். நான் ஃபில்டர் போடவில்லை, இந்த அளவுத் தண்ணீரை மாற்றுவது எளிது. வேறு பாத்திரத்தில் சாப்பிட வைத்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் விட்டதில் அழுக்கு பாதியாகக் குறைந்தது.

தாடை முதலில் இறுகியது. கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றை முழுசாகத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தேன், பல நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. ஓகஸ்ட் மாதம் ஒரு ஓரத்தில் கொறித்த தடம் தெரிந்தது. வயிற்றுப் பக்க ஓடு அதன் பிறகு, முதுகு நடுப்பகுதி கடைசியில். அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "இப்ப எப்பிடி இருக்கு?" என்று விரலை நீட்டுவார்கள். நிறை கூடுகிறதா என்று சமையல் தராசில் பார்ப்பது அதைவிட நல்ல வழி. மழை ஓயும் காலத்தில் நிறை 58 கிராம், நீளம் 7 சென்டிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பேராதனையில் இரண்டாம் முறை எடுத்த எக்ஸ்ரேயில் கால் எலும்புகளின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது. சிரப்பை டொக்டர் நிறுத்திவிட்டார், உணவும் வெளிச்சமும் அப்படியே தொடரச் சொன்னார்.

மேல்நோக்கி வளைந்த ஓரம் வளைந்தபடிதான் இறுகியிருக்கிறது. வலது பின்னங்காலும் கோணல்தான். எலும்பு இறுகும், நிமிராது. நீந்தும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் போகிறது, ஆனாலும் மீன் துண்டைக் கண்டால் அந்தச் சாய்வு தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. தண்ணீரின் ஆழத்தை இப்போது 12 சென்டிமீற்றருக்கு ஏற்றியிருக்கிறேன்.

குணமானதைப் பார்த்த ஒருவர், "பாவம், காசல்ரீ நீர்த்தேக்கத்துல விட்டுருங்களேன், சொதந்திரமா இருக்கும்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் இது வட அமெரிக்க இனம், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. நம் நீர்நிலைகளில் உள்ள சொந்த ஆமைகளின் இடத்தையும் தீனியையும் பிடுங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. குளத்திலும் ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் விடவே கூடாது. மறுபக்கம், வயலிலும் வாய்க்காலிலும் அகப்படும் நம் நாட்டு ஆமையைப் பிடித்து வளர்ப்பதும் கூடாது, அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. நோயோடு ஒன்றைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று: ஆமையின் மேல் சல்மொனெல்லா கிருமி இருக்கும், ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பிள்ளைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். 10 சென்டிமீற்றருக்குச் சின்ன ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்தது இதற்காகத்தான். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது; நாங்கள் வாழை மரத்துக்கு ஊற்றுகிறோம்.

இந்த இனம் நன்றாகப் பார்த்தால் இருபது, முப்பது வருஷம் இருக்கும், பெண் என்றால் ஓடு 25 சென்டிமீற்றர் வரை வளரும். மீன் பெட்டி எத்தனை நாளைக்கு? பழைய குளியல் தொட்டி ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்த்து வந்தேன். சுற்றிலும் ரெஜிபோம் பலகை அடித்தால் 100 வொட் ஹீட்டர் இழுக்குமா, 200 வேண்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யூவிபி டியூபின் ஓரத்தில் மாட்டிய திகதியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரிந்தாலும் யூவிபி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தேய்ந்துவிடும். அடுத்த டியூபுக்கு அந்தத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.